கூழ் வண்டி இல்லாத இரண்டு அமாவாசைகள்

புளியமரத்தடியில் நான்கு செங்கற்கள் மட்டும் கிடந்தன. தள்ளுவண்டி உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கிற செங்கற்கள். அவற்றுக்கு நடுவே மண் கறுத்திருந்தது. வருஷக்கணக்கில் மோர் சிந்திச் சிந்தி, வண்டி இல்லாத நாளிலும் அந்த இடத்தில் ஒரு புளித்த வாசம் நின்றது. காலை ஒன்பதரை மணி இருக்கும். கோட்டை மலையான ராஜகிரியின் உச்சியில் வெயில் விழுந்து பாறை வெளுத்துவிட்டது.

நான் அட்டையில் செருகிய படிவத்தோடு நின்றுகொண்டிருந்தேன். சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க என்னுடன் வந்திருந்த பெண் ஊழியர், காலி இடத்தைக் கைபேசியில் படம் பிடித்தார்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை, பாய்லருக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"இன்னா சார், போயும் போயும் இன்னிக்கி வந்து நிக்கிறீங்க? அமாவாச. அந்தம்மா மலையனூருல இருக்கும். போன தடவயும் அமாவாச அன்னிக்கிதான வந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும்.

"ரூல்ஸ் அப்படி, ஏழுமலை."

"ரூல்ஸா?" என்றார். பிறகு கிளாஸைக் கழுவத் தொடங்கினார்.

அந்தப் பெண் ஊழியர் தயங்கினார். "சார், நாளைக்கு வேணா நான் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போறேன். எனக்கு வழிதான்."

"ரெண்டு முறை வந்தாச்சும்மா. போதும்."

படிவத்தில் எழுதினேன்: 'இரு முறை நேரில் சென்றும் வண்டி இல்லை.' கீழே கையெழுத்திட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு பாராட்டு

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் தலைமையாசிரியர் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அமாவாசையன்று எங்கள் பள்ளியில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். பிள்ளைகள் பெற்றோருடன் மேல்மலையனூருக்குப் போய்விடுவார்கள். சாமி கும்பிட மட்டும் அல்ல. எலுமிச்சம்பழம் விற்க, பூ கட்டித் தர, தண்ணீர்ப் பாட்டில் சுமக்க. அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் அடுத்த பத்து நாளைக்கு அடுப்பு எரியும் வீடுகள் அவை. அதனால் நான் இருந்தவரை அமாவாசையன்று பரீட்சை வைத்ததில்லை என்றும், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டபோதும் அதை மாற்றவில்லை என்றும் எழுதியிருந்தேன். எல்லாம் உண்மை.

அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். 'ஏழைகளின் நாள்காட்டியைப் படித்த ஆசிரியர்' என்று ஒருவர். 'இப்படி ஒரு மனிதர் வாழ்ந்த ஊரில் பிறந்ததற்குப் பெருமைப்படுகிறேன்' என்று இன்னொருவர்.

அந்தக் கடிதங்களை நான்கு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். பிறகுதான் இந்த வாரத்துக்கு எழுதி வைத்திருந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பச்சையம்மாளின் கணக்கு

பச்சையம்மாள் கோட்டைக்குப் போகும் சாலையில் கூழ் விற்றவர். நான் ஓய்வுபெற்ற ஆண்டிலிருந்து காலையில் நடக்கத் தொடங்கினேன். நடை முடிகிற இடத்தில் அவர் வண்டி நின்றது. பதினோரு வருஷம் அங்கே கூழ் குடித்தேன்.

முதல் நாளே கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் களியாகக் கிண்டி உருண்டை பிடித்துக்கொண்டு வருவார். ஆள் வந்த பிறகுதான் ஓர் உருண்டையை எடுத்து மோரில் விட்டுக் கையால் கரைப்பார். கரண்டியால் கரைத்தால் கட்டி நிற்கும் என்பார். சொம்பு விளிம்பில் வழிவதை விரலால் ஒரு சுற்று வழித்துவிட்டுத் தருவார். குளிர்ந்த எவர்சில்வர் சொம்பு. உப்பு சரியாக இருக்கும்.

கூழைவிடத் தொட்டுக்கைதான் முக்கியம். வண்டியின் முன்பக்கம் ஏழெட்டுத் தட்டுகள் இருக்கும். மாங்காய், கொத்தவரை வத்தல், மோர்மிளகாய், சின்ன வெங்காயம், கருவாடு, துவையல். மலை ஏறி இறங்கி வருகிறவர்கள் எல்லாவற்றையும் காட்டிக் கேட்பார்கள்.

என்னிடம் பச்சையம்மாள் கேட்டதே இல்லை. முதல் இரண்டு நாளிலேயே பார்த்துக்கொண்டார். மாங்காய் எனக்குப் பல் கூசும். கருவாடு தொடமாட்டேன். மோர்மிளகாய் முழுதாகச் சாப்பிட்டால் வயிறு எரியும். ஆகவே நாலு வெங்காயம், ஒரு பிடி வத்தல், பாதியாகக் கிள்ளிய ஒரு மோர்மிளகாய். நான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற சத்தத்துக்கே தட்டு தயாராகிவிடும்.

அமாவாசைக்கு முதல் நாள் மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வார். "நாளிக்கி வரமாட்டேன் சார். மலையனூரு."

மாதம் ஒரு முறை, பதினோரு வருஷம். எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பு வட்டம்

கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்துக் கூட்டம் கூடத் தொடங்கிய சமயம். சாலையோர வியாபாரிகளுக்கு அடையாள அட்டை தருவது, ஒவ்வொருவருக்கும் எண் போட்ட இடம் ஒதுக்குவது என்று ஏற்பாடு நடந்தது. வண்டியோடு இடத்தில் இருக்கிறவரைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லாதவரை இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம். கட்சி சேராத ஆள் ஒருவர் உடன் வரட்டும் என்று பேரூராட்சி அலுவலகத்தில் என்னை அழைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாரிடமும் கை நீட்டாதவர் என்பது என் தகுதி.

முதல் முறை போன நாள் அமாவாசையாக அமைந்தது தற்செயல். தேதி குறித்தது நான் அல்ல. அன்று அந்தச் சாலையில் இல்லாத ஒரே வண்டி பச்சையம்மாளுடையதுதான். 'மறுமுறை பார்க்க' என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கூழைக் கரைத்துக்கொண்டே கேட்டார். "நேத்து நம்ம வண்டிங்கள எழுதுனீங்களாமே சார்?"

"ஆமாம்மா. இன்னொரு முறை வருவோம்."

"எப்ப சார்? சொல்லிட்டீங்கன்னா எங்கயும் போவாம நிப்பேன்."

"சொல்றேன்."

அப்போது சொல்லும் எண்ணத்தில்தான் இருந்தேன். இதை நம்புங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

என் மூத்த மகன் கதிர் பெங்களூரில் வேலை போய் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயதில் அப்பா வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பது அவனுக்கும் கஷ்டம், பார்க்கிற எனக்கும் கஷ்டம். கடைசியில் பழைய வேன் ஒன்றை வாங்கினான். பக்கவாட்டுத் தகட்டை வெட்டி ஜன்னல் வைத்தான். உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி, புகை போகக் குழாய். வெளியே கறுப்புப் பெயின்ட், இங்கிலீஷில் பெயர், பள்ளிக்கூடக் கரும்பலகை போல ஒன்றில் சாக்பீஸால் எழுதிய பட்டியல்: ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், மோமோ, பர்கர். ஃபுட் டிரக். கரும்பலகையைப் பார்த்தபோது எனக்குக்கூட ஒரு சந்தோஷம்.

வேன் தயார். நிறுத்த இடம் இல்லை.

ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது கதிர் கேட்டான். "நைனா, அந்தப் புளியமரத்தடி யாரு பேர்ல இருக்குது?"

"இன்னும் யார் பேர்லயும் இல்ல."

"கூழு வண்டிதான நிக்கும்? லிஸ்ட்ல இருக்குதா?"

"அன்னிக்கி அவங்க இல்ல. இன்னொரு முறை போவணும்."

அவன் சட்னியைத் தொட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "அந்த இடம் மட்டும் கெடச்சா போதும் நைனா. நெழலு இருக்குது. சம தரை. மலயிலருந்து எறங்குறவன் மொதல்ல அங்கதான் நிப்பான்."

என் மனைவி தோசைக்கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

அன்று மதியமே அந்தப் பெண் ஊழியர் போன் செய்தார். "சார், ரெண்டாவது வாட்டி எப்ப போலாம்? நீங்க சொல்ற தேதிதான்."

சுவரில் நாள்காட்டி தொங்கியது. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். என் விரல் கட்டங்களின் மேல் நகர்ந்து, ஒரு கறுப்பு வட்டம் இருக்கிற கட்டத்தில் நின்றது.

அந்தத் தேதியைச் சொன்னேன்.

முதல் அமாவாசை தற்செயல். இரண்டாவது நான்.

அதற்குப் பிறகும் நடுவில் பத்து நாள் அவரிடம் கூழ் குடித்தேன். அமாவாசைக்கு முதல் நாள் வழக்கம்போலச் சொன்னார்: "நாளிக்கி வரமாட்டேன் சார். மலையனூரு." நான் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரிம்மா" என்றேன்.

நன்றாக எழுதிய மனு

என்னைப் போன்ற படித்தவர்கள் செய்கிற தப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் பொய் இருக்காது. அந்தப் படிவத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். இரு முறை சென்றோம், உண்மை. வண்டி இல்லை, உண்மை. யாரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. இந்த நினைப்பில் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் வந்தது. சாலையில் மஞ்சள் கட்டங்கள் வரைந்தார்கள். யார் பேரிலும் இல்லாத இடம் என்று விண்ணப்பம் போட்டுக் கதிர் புளியமரத்தடியை வாங்கினான். பச்சையம்மாளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்சம். கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி நிறுத்தினார். பஸ்ஸுக்கு ஓடுகிறவன் நின்று கூழ் குடிப்பானா?

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு மனு எழுதிக் குடுங்க சார். நீங்க எழுதுனா மதிப்பாங்க. பதினோரு வருசமா நீங்க சாப்ட்ட எடம்."

அந்த இடத்தில் என் மகனின் வேன் நிற்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் எழுதினேன். இரண்டு பக்கம். அவருடைய உழைப்பைப் பற்றி, கூழின் சத்தைப் பற்றி, அந்தச் சாலையில் அவர் நின்ற வருஷங்களைப் பற்றி. எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. முடித்து, வாய்விட்டுப் படித்தும் காட்டினேன்.

முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "நல்லா இருக்குது சார். ஆனா கணக்கெடுக்க வந்தது ரெண்டுமே அமாவாசன்னு எழுதலியே?"

"அது வேணாம்மா."

"ஏன் சார்? அதான விசயம்?"

"அதிகாரிங்கள குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். கோவப்படுவாங்க. இப்படிப் பணிவா இருக்கட்டும்."

பச்சையம்மாள் என் முகத்தைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, ஒரு சொம்பு கரைக்கிற நேரம்.

"சரி சார். நீங்க படிச்சவங்க."

பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினார்.

மனு தள்ளுபடியானது. வந்த பதிலில் காரணமாக இருந்தது என் வாக்கியம்தான்: 'இரு முறை நேரில் சென்றும் வண்டி இல்லை.'

வேன் நின்ற ஒன்பது மாதம்

வேன் வியாபாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜகிரி ஏறி இறங்குகிறவனுக்கு நாக்கு வறண்டிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அவன் புளியமரத்தடிக்கு வந்து வேனை ஏற இறங்கப் பார்ப்பான்.

"கூழு இல்லீங்களா?"

"ஃபிரைட் ரைஸ் இருக்குது சார். சூடா."

"இந்த வெயில்ல சூடாவா?"

சனி ஞாயிறுகளில் சென்னை, புதுச்சேரிக் கார்கள் வந்தால் கொஞ்சம் ஓடும். திங்கட்கிழமை வேகவைத்த நூடுல்ஸைக் கொட்டுவோம். ஜெனரேட்டர் சத்தத்தில் ஆர்டர் காதில் விழாது. உள்ளே வெக்கையில் கதிருக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒரு மாதம் கூழும் வைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக் டம்ளரில், மிக்சியில் அடித்து. எதிர்க்கடை ஏழுமலை ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது சுவத்துக்குப் பூசுறதா?" என்று கேட்டார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கதிரும் சிரித்தான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஒன்பதாவது மாதம் வேனை விற்றுவிட்டு மறுபடி பெங்களூர் போனான்.

மஞ்சள் கட்டம் அப்படியே இருக்கிறது. அட்டை இன்னும் என் மகன் பெயரில். அதனால் வேறு யாரும் அங்கே நிற்க முடியாது. நிழல் மட்டும் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் விழுந்துகொண்டிருக்கிறது. செங்கற்களை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நான் நடைக்கு வேறு சாலையில் போகிறேன்.

மூன்றாவது அமாவாசை

கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். தேதியை நானே தேர்ந்தெடுத்தேன், தெரிந்தே தேர்ந்தெடுத்தேன் என்று. வாங்கிப் படித்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பட்டியலை இப்போது திருத்த முடியாது, அடுத்த கணக்கெடுப்பில் சேர்க்கலாம் என்றார். அது எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

இதைப் பச்சையம்மாளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் இல்லை. எங்கே இருப்பார் என்று யாரிடமும் கேட்கத் தேவையும் இல்லை. அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்து பிடித்து மேல்மலையனூருக்குப் போனேன். எழுபத்து மூன்று வயதில் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டே பயணம்.

பிற்பகல் வெயில். கற்பூரப் புகை, எலுமிச்சம்பழ வாசம், வியர்வை. கோயிலுக்குப் போகிற பாதையில் வரிசையாகக் கடைகள். பச்சையம்மாளின் தள்ளுவண்டி அங்கே இல்லை. தரையில் சாக்கை விரித்து, குண்டானும் தட்டுகளும் வைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. நானும் நின்றேன். என் முறை வந்தது.

"பச்சையம்மா, நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். "தெரியுது."

"வண்டி எங்க?"

"குடுத்துட்டேன். மத்த நாள்ல கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவுறேன். இங்க மாசத்துக்கு ஒருவாட்டி."

நின்றபடியே சொன்னேன். ரெண்டாவது தேதியை நான்தான் சொன்னேன் என்று. நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன் என்று. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் கை நிற்கவில்லை. உருண்டையை மோரில் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"டீக்கட ஏழுமலண்ண அன்னிக்கே சொல்லிடுச்சி. அந்தப் பொண்ணு நாளிக்கி வரேன்னதயும், நீங்க போதும்னதயும்."

"அன்னிக்கேன்னா?"

"மனு எழுத உங்க வூட்டுக்கு வந்தேனே, அதுக்கு முன்னாலயே."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. "அப்பறம் ஏம்மா எங்கிட்ட வந்தே?"

"எழுதுவீங்களான்னு பாத்தேன்."

பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ மைக்கில் காணாமல் போனவர் பெயரை அறிவித்தார்கள்.

"இப்ப எழுதிக் குடுத்துட்டேம்மா. எல்லாத்தையும். அடுத்த கணக்கெடுப்புல உன் பேரச் சேக்கறதா சொல்லியிருக்காங்க."

"அதுவும் அமாவாச அன்னிக்கா?"

சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். சொம்பு விளிம்பை விரலால் ஒரு சுற்று வழித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதே குளிர்ச்சி. வாங்கிக்கொண்டேன்.

பிறகு தட்டுகளின் பக்கம் கையைக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"தொட்டுக்க இன்னா வேணும், பெரியவரே?"

மாங்காய் இருந்தது. வத்தல் இருந்தது. வெங்காயம், கருவாடு, முழு மோர்மிளகாய். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் பதில் சொல்ல வேண்டியிராத கேள்வி. ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கை காத்துக்கொண்டிருந்தது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார்.

"கேக்குறாங்க இல்ல? சீக்கிரம் சொல்லிட்டு நகருங்க பெரியவரே. எல்லாரும் நிக்கிறோம்."